கரடி ஏன் இங்கே படுத்திருக்கிறது?

மழை விடுகிற வழியைக் காணோம். பூசிய சிமெண்ட் காய மாட்டேன் என்றது. காயாத சிமெண்டின் மேல் வண்ணம் பிடிக்க மாட்டேன் என்றது. மிருகக்காட்சிசாலையின் பின்பக்கம், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கரடி வாழிடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே ரப்பர் பூட்ஸோடு சேற்றில் நின்றபடி பாறையம்மா தன் பாறையை முறைத்தாள்.

“முறைச்சா காஞ்சிடுமா மேடம்?” என்று பாறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் கணவன்தான். அந்த இடத்துக்கு எலெக்ட்ரீஷியன். பாறையின் வயிற்றில் விட்டிருந்த பொந்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு சூட்டுக் கம்பியை வளைத்து வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

“பேசாம கம்பியை இழுங்க. கரடிக்கு ஷாக் அடிச்சுதுன்னா உங்களைத்தான் உள்ள தள்ளிப் பூட்டுவாங்க.”

“பூட்டட்டும். வேளா வேளைக்குச் சாப்பாடு வரும், நகம் வெட்டி விடுவாங்க, ஞாயித்துக்கிழமை ஆனா பார்க்கக் கூட்டம் வரும். எனக்கு இப்ப இதுல எது கிடைக்குது சொல்லு?”

அவள் சிரித்துவிட்டாள். அவனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். எந்தப் பொந்துக்குள் கிடந்தாலும் ஒரு வார்த்தை சிரிக்கிறமாதிரி வந்துவிடும்.

பாறையம்மா என்பது வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும், கோபமில்லை. படித்தது கட்டடக் கலை. ஆனால் வீடு, கடை, அலுவலகம் என்று எதையும் கட்டாமல் மிருகங்களுக்கும் அவற்றைப் பார்க்க வருகிற குடும்பங்களுக்கும் நடுவிலான இடத்தைக் கட்டுகிறவளாக ஆகிவிட்டாள். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, சிமெண்டை அப்பி, ஈரம் போவதற்குள் கசக்கிய தகடால் அழுத்தி வெடிப்பு கொண்டுவந்து, ஸ்பாஞ்சால் பாசி நிறம் ஒற்றி எடுத்தால், பக்கத்தில் போய்த் தட்டிப் பார்த்தாலொழிய அது பாறையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வருகிறவர்கள் கரடியைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது, கையில் எதையாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கரையான் புற்று ஒன்று செய்திருந்தாள். பிள்ளைகள் துருத்தியை அழுத்தினால் புற்றிலிருந்து தக்கைப் பந்துகள் குழாயில் ஏறி வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இதே மாதிரிப் புற்றில் நிஜக் கரடி மூச்சை இழுத்துக் கரையான் உறிஞ்சுகிற சத்தம் ஒரு குழாய் வழியாகக் காதுக்கு வரும். இன்னொரு பக்கம் ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் காட்டுக்கு நடுவே ஒரு சாலை ஓடும். சாலையில் கார்கள் ஓடும். மரக்கரடிகளை ஒவ்வொன்றாகக் கடத்தி அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் பாதிக் கரடி போய்ச் சேராது. சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழியை எடுத்துச் செருகினால் எல்லாம் போய்ச் சேரும். அதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

அதற்கடுத்தது வாசனைப் பெட்டிகள். ஒன்றில் தேன், ஒன்றில் ஈர மண், ஒன்றில் பழுத்த பழம், ஒன்றில் கரடி படுத்த வைக்கோல். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று மூக்கால் சொல்ல வேண்டும். முதலில் செய்த பெட்டிகளில் வாசனை ஓரிரு நாளில் செத்துப்போயிற்று. கரடியைப் பார்த்துக்கொள்கிற பராமரிப்பாளர், வேலையில் நரைத்தவர், வைக்கோலை மாற்றி மாற்றிச் சலித்துப்போய்ச் சொன்னார்: “திறந்து வெச்சா எந்த வாசனைதாங்க நிக்கும்? மூக்கு மோந்து மோந்தே தீந்துபோயிடும்.” அதன்பிறகுதான் பாறையம்மா ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்பிரிங் வைத்த மூடி போட்டாள். கையை எடுத்ததும் டப்பென்று மூடிக்கொள்ளும்.

ஆனால் அவள் நெஞ்சுக்கு நெருக்கமானது இந்தப் பாறைதான். மகாராணி என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண் கரடி பழைய இடத்தில் எப்போதும் பின்சுவரை ஒட்டியே படுத்துக் கிடக்கும். வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள், கத்துவார்கள். அது திரும்பாது. வேடன் கண்ணியில் ஒரு விரலை விட்டுவிட்டு வந்த கரடி. மனிதச் சத்தம் என்றால் அதற்கு ஆகாது. பாறையம்மா அதை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கண்ணாடி நடுவில் ஊடுருவிப் போகிறமாதிரி ஒரே பாறையாகக் கட்டினாள். பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டு பாதிக்கும் அடியில் இளஞ்சூடு. குளிரில் கரடி தானாக வந்து கண்ணாடியோரம் படுக்கும். இந்தப் பக்கம் ஒரு குழந்தை வந்து உட்காரும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இதே வேலையை அவள் வீட்டிலும் செய்துகொண்டிருந்தாள்.

வீட்டில் இருந்தது கணவனுடைய பெண். பதினோரு வயது. சின்ன உருவம், கடித்தால் சுருக்கென்று இருக்கும் பேச்சு. அதனால் மிளகு என்று அப்பா வைத்த பெயர் எல்லார் வாயிலும் நின்றுவிட்டது. மிளகின் அம்மா காய்ச்சலில் படுத்து எழாமலே போய்விட்டாள். அதற்கடுத்த ஆண்டு பாறையம்மா அந்த வீட்டுக்குள் வந்தாள். மிளகு அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சித்தி இல்லை, அம்மா இல்லை, ஆண்ட்டிகூட இல்லை. “இங்க பாருங்க” என்பாள், அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவிருக்காது. சொல்லப்போனால் அந்த மரியாதைதான் உறுத்தும்.

மிளகின் பெரியம்மா, அதாவது இறந்துபோனவளின் அக்கா, பக்கத்து ஊரில் பேக்கரி வைத்திருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு அவள் மிளகின் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: “உங்க வாழ்க்கை, நீங்க பார்த்துக்கிட்டீங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா பொண்ணுக்கு அங்க ஒட்டலைன்னா என்கிட்ட வந்துடணும். ஒரு வருஷப் படிப்பு முடியட்டும். அப்ப அவளையே கேப்போம். அவ சொல்றதுதான்.” அவனும் தலையாட்டியிருந்தான். படிப்பு முடிகிற காலமும் நெருங்கிவிட்டது.

பாறையம்மா யோசித்தாள். கூப்பிட்டால் கரடி வராது. முதல் மாதம் மிளகு தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டே கிடந்தாள். பாறையம்மா தட்டவில்லை. தன் வேலைமேஜைக்கு எதிரே இருந்த ஜன்னலோரத்தைக் காலி செய்தாள். மரப்பலகை அடித்து மெத்தை போட்டாள். வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழுகிறமாதிரி ஒரு மஞ்சள் விளக்கு. கைக்கு எட்டுகிற இடத்தில் கூர்சீவிய பென்சில்கள். எதுவும் சொல்லவில்லை. மிளகு வந்து பார்த்தாள், போனாள். வந்து நின்றாள், போனாள்.

அப்போதுதான் அந்தச் சால்வை நினைவுக்கு வந்தது. அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த, மிளகுடைய அம்மாவின் கம்பளிச் சால்வை.

“எடுத்துக்கட்டுமா?” என்று கணவனைக் கேட்டாள்.

“எடுத்துக்கோயேன். பையில கிடந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றான் அவன், ஷூ லேஸைக் கட்டியபடியே.

சால்வையை மடித்து மெத்தையின் ஓரத்தில் வைத்தாள். அன்று சாயங்காலமே மிளகு வந்து உட்கார்ந்தாள். சால்வையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாறையம்மா மேஜையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு மிளகு தினமும் வந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். அப்புறம் மேஜை மேல் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பாறையம்மா அட்டையில் செய்த மாதிரிகளைக் கொடுத்து, “இது வேலை செய்யுதா பாரு” என்றாள். மிளகு எதைத் தொட்டாலும் உடைந்தது.

“நல்லா உடைக்கிறியே!”

“நான் எங்க உடைச்சேன்? அதுவே உடையுது. நீங்க சரியா ஒட்டலை.”

“ஒட்டினது உங்க அப்பா.”

“அதான பார்த்தேன்.”

சாலை விளையாட்டில் முதன்முதலில் சுரங்கவழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கண்டுபிடிப்பதற்குள் மரக்கரடிகளைக் கையால் பொறுக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, “கார் ஓட்டறவங்க இறங்கித் தூக்கி விட்டா என்ன?” என்று கேட்டாள். பாறையம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய் அதையும் அந்த விளையாட்டின் பலகையில் எழுதிச் சேர்த்தாள்.

பாறை காய்ந்து மகாராணியைப் புது இடத்துக்கு மாற்றிய பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் மிளகு நேராகக் கரடி வாழிடத்துக்கே வந்துவிடுவாள். வெளிப்பக்கப் பாறையில் உட்கார்ந்து பையிலிருந்து பன்னை எடுத்துத் தின்பாள். கொஞ்ச நேரத்தில் மகாராணி உள்ளிருந்து ஆடி ஆடி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். இவளும் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். பராமரிப்பாளர்கூடச் சொன்னார்: “என்கிட்டயே இப்படி வந்து ஒட்டிப் படுக்காதும்மா. உனக்குன்னா வருது பாரேன்!”

மழைக்காலத்தில் சூடு சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க அவள் அப்பா தினமும் அந்த நேரத்தில்தான் சுவிட்சைப் போடுவான். இது மிளகுக்குத் தெரியாது. பாறையம்மா சொல்லவில்லை. விடை தெரிந்த குழந்தையை வைத்து எதையும் சோதித்துப் பார்க்க முடியாது என்பது அவள் தொழிலின் விதி. பாறை ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மிளகே ஒருநாள் கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மிளகு கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். ரொட்டி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கை நிறைய பன், கேக், பிஸ்கட்.

“என்னடி மிளகு, இளைச்சுட்டே? இங்க உனக்குச் சாப்பாடு போடறாங்களா, இல்ல கரடிக்குப் போட்டு மிஞ்சினதுதானா?”

“கரடி மிச்சமே வைக்காது பெரியம்மா.”

“ஓ! வாய் மட்டும் இளைக்கலை.” இழுத்து அணைத்துக்கொண்டாள். “இந்த லீவுக்கு மாடி ரூம் பெயிண்ட் அடிக்கப் போறேன். என்ன கலர் வேணும் உனக்கு?”

மிளகு அப்பாவைப் பார்த்தாள், ஜன்னலோரத்தைப் பார்த்தாள். “தெரியலை பெரியம்மா. யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

அந்த ‘யோசிச்சு’ என்ற சொல் பாறையம்மாவுக்குத் தேன் வார்த்ததுபோல இருந்தது. போன தடவை இதே கேள்விக்கு மஞ்சள் என்று பட்டென்று சொன்னவள்.

பெரியம்மா தேநீர்க் கோப்பையோடு ஜன்னலோரம் வந்து உட்காரப்போனவள் நின்றுவிட்டாள். சால்வையின் ஒரு முனையை எடுத்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாகக் கீழே வைத்தாள். சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தி, “அது அவளோடது” என்றாள்.

“ஆமாங்க. பிள்ளை ஆசையாப் போத்திக்கிறா.”

“தெரியுது. அதை உள்ள வெச்சிருங்கம்மா. தினம் புழங்கறதுக்கு வேற எதாவது வாங்கிக் குடுங்க.”

“அவதான் விடமாட்டேங்கிறா…”

“பிள்ளைக்கு என்ன தெரியும்? நாமதான் பார்த்துக்கணும்.” பெரியம்மா கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

பெண் இங்கே ஒட்டிக்கொள்வது பொறுக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் பாறையம்மா நினைத்தாள். நினைத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

வாழிடத்தைத் திறப்பதற்கு முன் ஒருநாள், வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை மட்டும் அழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மழை விட்டு, குளிர் மட்டும் நின்றிருந்தது. மிளகுதான் எல்லாருக்கும் வழிகாட்டி. தலையை இழுத்துப் பின்னி, அட்டையில் தானே எழுதிய ‘தலைமைச் சோதனையாளர்’ என்ற பட்டையைக் குத்திக்கொண்டு, துருத்தியை எப்படி அழுத்துவது, பெட்டியை எவ்வளவு நேரம் திறக்கலாம் என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் பாறைக்கு வந்தார்கள். மிளகு தன் இடத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவைத்தாற்போல மகாராணி வந்து படுத்தது.

“ஐ! என்னைப் பார்க்க வந்துடுச்சு!” என்று கத்தினாள் டிக்கெட் கொடுப்பவருடைய சின்னப் பெண்.

“உன்னை இல்ல பாப்பா. என்னைப் பார்க்க வந்திருக்கு. தினமும் வரும். வேணும்னா கரடி மாமாவைக் கேளு.”

அருகே கம்பத்தில் அன்று காலையில்தான் தூக்கினால் அடியில் விடை தெரிகிற ஒரு பலகையை மாட்டியிருந்தார்கள். மேலே, ‘கரடி ஏன் இங்கே படுத்திருக்கிறது?’ என்று பெரிய எழுத்து. டிக்கெட் கொடுப்பவர் பலகையைத் தூக்கி உரக்கப் படித்தார்.

“பாறைக்குள் சூட்டுக் கம்பி இருக்கிறது. கரடியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பிடித்ததை, நாம் பார்க்க வசதியான இடத்தில் வைத்திருக்கிறோம். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பாறையைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் ஏன் இங்கே உட்கார்ந்தீர்கள்?”

எல்லாரும் பாறையைத் தொட்டார்கள். “அட!” என்றார்கள். சிரிப்பு பொங்கிற்று. இந்தச் சிரிப்புக்காகத்தான் பாறையம்மா அந்தக் கடைசி வரியைப் பலமுறை அடித்து அடித்து எழுதியிருந்தாள். அவளும் சிரித்தபடி திரும்பினாள்.

மிளகு சிரிக்கவில்லை. உள்ளங்கையைப் பாறையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அதோட உடம்புச் சூடுன்னு நினைச்சேன்” என்றாள். “கண்ணாடி வழியா வருதுன்னு.”

“அப்ப உன்னைப் பார்க்க வரலையா அக்கா?” என்றாள் சின்னப் பெண்.

மிளகு எழுந்து, குத்தியிருந்த பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். “இல்ல பாப்பா. குளிருக்கு வருது” என்றாள்.

பாறையம்மாவால் உடனே கிளம்ப முடியவில்லை. மிருகக்காட்சிசாலைப் பொறுப்பாளர் பிடித்துக்கொண்டு பாராட்டினார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மிளகு உடைகூட மாற்றாமல் ஜன்னலோரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். மெத்தையின் மேல் உட்காரவில்லை.

“இந்த லைட்டு நீங்க வெச்சதா?”

“ஆமாம்மா.”

“பென்சில்?”

“நான்தான்.”

“பலகை, மெத்தை எல்லாம்?”

“உனக்கு வசதியா இருக்கட்டும்னு…”

“சால்வை?”

பாறையம்மா தலையாட்டினாள்.

“அப்பா வெச்சாருன்னு நினைச்சேன்” என்றாள் மிளகு. “இல்லைன்னா அதுவே எப்படியோ வந்துடுச்சுன்னு. சின்னப் பிள்ளை மாதிரி நினைச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என்னை யாரும் கட்டாயப்படுத்தலை, இல்ல? எனக்குப் பிடிச்சதை, நீங்க பார்க்க வசதியான இடத்துல வெச்சீங்க.”

“மிளகு, அப்படியில்லடா…”

“நான் என்ன, கரடியா உங்களுக்கு?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண் சால்வையை எடுத்து முகத்தில் புதைத்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். எடுத்தாள். வேறொரு இடத்தில் மடித்துவைத்து மறுபடி இழுத்தாள். உதறி, உள்மடிப்பைத் தேடி, அங்கேயும் முகர்ந்தாள். பாறையம்மா நின்றது நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பசை வாசனைதான் வருது. பெயிண்ட் வாசனை. அப்புறம் என் தலை வாசனை.” இப்போதுதான் குரல் உடைந்தது. “அம்மா இல்ல இதுல. எப்ப போச்சுன்னே தெரியலை எனக்கு. பெட்டிக்கெல்லாம் ஸ்பிரிங் வெச்சு மூடி போட்டீங்களே… திறந்து வெச்சா போயிடும்னு உங்களுக்குத் தெரியுமே!”

தெரியும். தேனுக்குத் தெரியும், ஈர மண்ணுக்குத் தெரியும், கரடி வைக்கோலுக்குத் தெரியும். வீட்டில் அது ஒருநாளும் மண்டையில் உறைக்கவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்தது இந்தக் கைதான். “தப்பு பண்ணிட்டேன்” என்றாள். அந்தச் சொல் அறைக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த அப்பா, “நான்தான்மா எடுத்துக்கச் சொன்னேன்” என்றான். இப்போது அவன் வாயில் சிரிக்கிறமாதிரி ஒன்றும் வரவில்லை.

வாழிடத்தைத் திறந்தார்கள். கூட்டம் அலைமோதிற்று. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிப் பாறையில் உட்கார வைத்தார்கள். பெரியவர்கள்கூடச் சாலையைச் சுழற்றி மரக்கரடிகளைப் பறிகொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பாறையம்மா பொறுப்பாளரிடம் போய், பலகையின் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றாள்.

“எதை? எல்லாருக்கும் பிடிச்சதே அதுதானே மேடம்! நேத்துகூட ஒரு டீச்சர் அந்த வரியை எழுதிக்கிட்டுப் போனாங்க.”

வரி அப்படியே நின்றது. அவள் பராமரிப்பாளரிடம் போய் நின்றாள். அவர் உருளைக்கிழங்கை வேகவைத்து ஆறவைத்துக்கொண்டிருந்தார்.

“கரடிக்கு இதெல்லாம் தெரிஞ்சா வருத்தப்படுமா?” என்றாள்.

“மகாராணியா? கம்பி போட்டது யாருன்னு தெரிஞ்சா உங்க வீட்டுக்காரரை விடவே விடாது. கட்டிப் பிடிச்சுக்கும்.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “பிள்ளைங்க வேறம்மா” என்றார் மெதுவாக.

மிளகு முன்போலவே மரியாதையாக இருந்தாள். ஜன்னலோரத்துக்கு மட்டும் வரவில்லை. வீட்டுப்பாடத்தைத் தன் அறையில் எழுதினாள். சால்வையை அவளே பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தாள், உள்ளே எதுவும் இல்லை என்று தெரிந்தும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்தபடி, “நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்ப்பா” என்றாள்.

அப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். “ஏம்மா? இங்க என்ன குறை உனக்கு? உன் ஸ்கூல் இங்க இருக்கு, சிநேகிதிங்க இருக்காங்க…”

“அங்கயும் ஸ்கூல் இருக்குப்பா.”

“அப்பா இல்லையே அங்க.”

“நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க. பஸ் இருக்கு.”

அவன் மனைவியைப் பார்த்தான். ஏதாவது சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினான். பாறையம்மாவுக்கு ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதையும் இழுக்கக் கூடாது, தானாக வரவேண்டும், தானாக வந்ததுதான் நிற்கும் என்றே இத்தனை காலமும் கைவேலை செய்து பழகியவள். இழைத்த தவறுக்குப் பிறகு கேட்கிற உரிமையே தனக்கு இல்லை என்றும் பட்டது.

“உனக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யும்மா” என்றாள்.

மிளகு கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் கணவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டான்: “நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“சொன்னா கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டுமே” என்றான் அவன். லேஸை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். “ஆனா என்ன? பெத்தவங்க எல்லாம் பிள்ளைங்களைக் கட்டாயப்படுத்தாமயா வளர்க்கறாங்க?”

விடுமுறை தொடங்கியதும் பெரியம்மா வேனோடு வந்தாள். அன்றைக்கென்று வெயில் சுள்ளென்று அடித்தது. துணிப்பெட்டி, புத்தக மூட்டை, ஒரு ஜோடி பூட்ஸ். அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே வைத்தான். வைத்ததையே எடுத்து வேறு மாதிரி வைத்தான்.

பெரியம்மா பாறையம்மாவைத் தனியே கூப்பிட்டாள். “நான் அவகிட்ட ஒண்ணும் தூண்டிவிடலை. அதை நீங்க நம்பணும்.”

“நம்பறேங்க. நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கலை.”

“எனக்கும் பதமாச் சொல்லத் தெரியலை.” பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நல்லா வளர்த்திருக்கீங்க. யோசிச்சுப் பேசறா இப்பல்லாம்.”

மிளகு வேனில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா சுற்றிக்கொண்டு ஓட்டுகிற பக்கம் போனாள். பாறையம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இப்போது கதவு மட்டும். கால்கள் தாமாகப் போயின, கை தானாக அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

“மிளகு.”

அவள் திரும்பினாள்.

“போகாத” என்றாள் பாறையம்மா. இவ்வளவு கரகரத்த குரல் தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. “எனக்கு நீ போறது பிடிக்கலை. எனக்கு நீ வேணும். இங்கயே இருடா. கேக்கறேன் உன்னை.”

மிளகின் கீழுதடு நடுங்கிற்று. பல்லால் அதைப் பிடித்து நிறுத்தினாள். பெரியம்மா சாவியைத் திருகாமல் காத்திருந்தாள்.

“பெரியம்மாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்” என்றாள் மிளகு. “எனக்காகக் கட்டில்கூட வாங்கிட்டாங்க. இப்ப வரலைன்னா பாவம் அவங்க.”

“சரி.”

“அன்னிக்குச் சாப்பிடும்போது கேப்பீங்கன்னு பார்த்தேன்.” மிளகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ரொட்டியை முழுங்காம ரொம்ப நேரம் மென்னுக்கிட்டே இருந்தேன். முழுங்கிட்டா எந்திரிக்கணுமேன்னு.”

பாறையம்மாவின் கை கதவிலிருந்து நழுவிற்று. பெரியம்மா வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் ஒரு லாரிக்கு வழிவிட்டு வேன் சற்று நின்றது. பிறகு திரும்பிவிட்டது.

கணவன் அருகே வந்தான். “என்ன சொன்னா?”

“சாப்பிடும்போதே கேட்டிருக்கணுமாம்.”

அவன் வாசற்கதவிடம் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான், குனிந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அதில் ஒரு பழுதும் இல்லை. அவன் நிமிர நேரமாயிற்று.